அமெரிக்கக் கல்லூரியில் படித்துக்கொண்டே குதிரையேற்றம்

இளநிலைப் படிப்புக்காக ஆகஸ்டில் நியூ ஜெர்சிக்கு வரவிருப்பதாகவும், கோவையில் பள்ளி நாள்களிலிருந்தே பழகிவந்த குதிரையேற்றத்தைச் செலவுக்கு அஞ்சிக் கைவிட வேண்டியிருக்குமோ என்று கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். கைவிட வேண்டாம், தங்கையே. சொந்தமாகக் குதிரை வாங்கவோ மாத வாடகைக்கு எடுக்கவோ தேவையில்லை. உங்கள் கல்லூரியில், கல்லூரிகளுக்கிடையே குதிரையேற்றப் போட்டிகளை நடத்தும் ஐ.எச்.எஸ்.ஏ. சங்கத்தைச் சேர்ந்த குதிரையேற்றக் குழு இருக்கிறதா என்று மட்டும் முதலில் விசாரியுங்கள்.

1967-இல் இதே நியூ ஜெர்சியின் ஃபேர்லீ டிக்கின்சன் பல்கலைக்கழக மாணவராக இருந்த பாப் கச்சியோனி தொடங்கிய அச்சங்கத்தின் போட்டிகளுக்கு யாரும் தம் குதிரையைக் கொண்டுவருவதில்லை. போட்டியை நடத்தும் கல்லூரியே குதிரைகளையும் சேணங்களையும் தருகிறது; யாருக்கு எந்தக் குதிரை என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகிறது. என் மகள் தன் கல்லூரிக் குழுவில் இருந்தபோது அருகில் நின்று பார்த்திருக்கிறேன்: சீட்டில் வந்த குதிரையின் குணத்தை ஓரிரு வரிகளில் படித்துவிட்டு, ஏறி அமர்ந்து, கால் வைக்கும் வளையமான அங்கவடியின் வாரைத் தன் காலுக்கேற்ப நீட்டிக்கொண்டு, ஒத்திகைச் சுற்று ஏதுமின்றி நேராகக் களத்துக்குள் போய்விடுவாள். பழகாத குதிரையின் வாயைச் சில நொடிகளில் கடிவாளத்தின் வழியே கைகள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால், பல லாயங்களில் ஏறிப் பழகியவர்களுக்கு இது நன்றாகக் கைகொடுக்கும். நடையும் பெருநடையும் (டிராட்) மட்டும் அறிந்தவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. எந்தப் பிரிவில் வென்றாலும் முதலிடத்துக்கு 7 புள்ளிகள்தாம்.

ஆபர்ன், ஜார்ஜியா போன்ற பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகள் இச்சங்கத்தைச் சேராத வேறு வகை. அங்கே பயிற்றுநரே ஆள் தேர்ந்தெடுப்பார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். லாயத்தைச் சுத்தம் செய்து, தீவனம் வைத்துக் கொடுத்தால் பயிற்சி இலவசம் என்று சிலர் அன்போடு அழைப்பார்கள். குடியுரிமை உள்ள மாணவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருக்கும் உங்களுக்கோ, பணம் கைமாறாவிட்டாலும், பயிற்சியே கூலியாகக் கருதப்பட்டு, வளாகத்துக்கு வெளியே அனுமதியின்றி வேலை பார்த்ததாக ஆகிவிடக்கூடும். வளாகத்துக்குள் பருவ நாள்களில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்து, அந்தப் பணத்தில் பயிற்சிக் கட்டணம் செலுத்துவதே பாதுகாப்பு. ஐயம் எழுந்தால் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

லாயங்கள் பெரும்பாலும் பேருந்து போகாத ஊர்ப்புறத்தில் இருப்பதால், கார் வைத்திருக்கும் குழுத் தோழிகளின் பயிற்சி நேரத்தையொட்டி உங்கள் வகுப்புகளை அமைத்துக்கொள்வது நல்லது. கல்லூரி மருத்துவக் காப்பீடு குழு விளையாட்டில் ஏற்படும் காயங்களை விலக்குகிறதா என்பதையும் கையொப்பமிடும் முன் படித்துவிடுங்கள். காலுக்குப் பழகிய பூட்ஸை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். தலைக்கவசத்தை மட்டும் பாதுகாப்புத் தரத்தைக் காட்டும் ஏ.எஸ்.டி.எம்., எஸ்.இ.ஐ. முத்திரை பார்த்து இங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.