ஐந்து வயது மகன் அடிக்கடி தடுக்கி விழுகிறான், பந்து பிடிக்க வரவில்லை. வீட்டிலேயே என்ன பயிற்சி கொடுக்கலாம்? பேலன்ஸ் போர்டு (மேலே நின்றால் ஆடும் பலகை) வாங்கலாமா?

போர்டு இப்போதைக்கு வேண்டாம். அதன் மேல் நின்று பழகினால் அதன் மேல் நிற்க வரும், அவ்வளவுதான். பந்து பிடிப்பதற்கு அது பெரிதாக உதவாது. உடல் ஒருங்கிணைப்பு என்று மொத்தமாகப் பேசுகிறோமே தவிர, பிள்ளைகள் கற்றுக்கொள்வது ஒவ்வொரு வேலையாகத்தான். நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, "அவனுக்கு எது வரணும்?" என்பதைத்தான். எது வரவேண்டுமோ அதையே எளிதாக்கிக் கொடுத்து, சின்னச் சின்ன மாற்றங்களோடு திரும்பத் திரும்பச் செய்ய விடுவதுதான் பயிற்சி.

பந்தை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை அவனுக்குப் பந்தைப் போட்டுவிட்டு, பந்தைப் பார்க்காமல் அவனைப் பாருங்கள். பந்து பாதி தூரம் வரும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வான், இல்லையென்றால் கண்ணை மூடுவான். கை இரண்டும் விறைத்து நீண்டிருக்கும். பந்து நெஞ்சில் பட்ட பிறகுதான் கை மூடும், அதற்குள் பந்து கீழே விழுந்திருக்கும். "கையில் பலமே இல்லை" என்பார்கள் வீட்டில். பெரும்பாலும் பலம் காரணமில்லை. பந்து எப்போது வந்து சேரும் என்று கணித்து, அதற்கு முன்பே கை தயாராக வேண்டும். அந்தக் கணிப்புக்கு அவனுக்கு அவகாசம் போதவில்லை.

அதனால் வேகத்தைக் குறையுங்கள். மெல்லிய கைக்குட்டையை மேலே வீசினால் ஆடி அசைந்துதான் இறங்கும், அதைப் பிடிக்கட்டும். அடுத்து, பெரிய பந்தைத் தரையில் உருட்டிவிடுங்கள். பிறகு ஒரு தட்டுத் தட்டி எழும்பும் பந்து. நேராகக் கைக்கு வீசுவது கடைசியில்தான், அதுவும் கிட்டத்திலிருந்து, மெத்தென்ற பந்தாக. பத்துக்கு ஏழெட்டு முறை பிடிக்கிறான் என்றால் ஓரடி பின்னால் நகருங்கள். தூரத்தைக் கூட்டும் அன்று பந்தைச் சின்னதாக்க வேண்டாம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். பலூனும் இதற்கு நல்லதுதான். ஆனால் வெடித்த துண்டை வாயில் போட்டால் மூச்சு அடைக்கும், வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று, பேச்சைக் குறைக்க வேண்டும். "முழங்கையை மடக்கு, விரலை விரி" என்றெல்லாம் சொன்னால் பிள்ளை தன் கையைக் கவனிக்கத் தொடங்கி இன்னும் தடுமாறுவான். பந்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, "சிவப்பு எங்க போகுதுன்னு பாரு" என்று சொல்லிப் பாருங்கள். கவனம் உடம்பை விட்டு வெளியே இருக்கும்போது அசைவு சுலபமாக வருகிறது, பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

தடுக்கி விழுவதற்கு வருவோம். பயிற்சிக்கு முன்னால் செருப்பு, ஷூ அளவு சரியா பாருங்கள், கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். விழுவதே தப்பு என்று மட்டும் நினைக்க வேண்டாம். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நடை பழகும் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் இஷ்டப்படி விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி வைத்து 17 முறை விழுந்தார்கள். அவ்வளவு நடந்து அவ்வளவு விழுந்துதான் நடை வருகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு வேண்டும், விழுந்தால் அடிபடாத இடமாக இருக்க வேண்டும், அவ்வளவே.

தலையணைக் குவியல் மேல் ஏறி, நாற்காலிக்கு அடியில் தவழ்ந்து, தரையில் ஒட்டிய டேப் மேல் குதிகாலும் விரலும் தொடும்படி நடந்து, கடைசியில் நொண்டியடித்து வாளியைத் தொடுவது என்று ஒரு பாதை போடுங்கள். இரண்டு நாளில் மனப்பாடமாகிவிடும், அப்போது வரிசையை மாற்ற வேண்டும். மாற்றுவது அவன் வேலையாக இருக்கட்டும். எங்கே குனிவது, எந்தக் காலை முதலில் வைப்பது என்று அவனே யோசிப்பதில்தான் பாதிப் பயிற்சி இருக்கிறது. கரடி நடை, நண்டு நடை எல்லாம் இதிலேயே சேர்த்துவிடலாம். படி இறங்கும்போது இரண்டு காலையும் ஒரே படியில் சேர்க்காமல் மாற்றி மாற்றி வைக்கிறானா என்று பாருங்கள், ஏறுவதைவிட இறங்குவது தாமதமாகத்தான் வரும்.

கையைக் குறுக்கே கொண்டுபோய் எதிர் முழங்காலைத் தொட்டால் மூளையின் இரண்டு பக்கமும் இணைந்து படிப்பு நன்றாக வரும் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. விளையாட்டாகச் செய்யலாம், தப்பில்லை. படிப்பு வரும் என்பதற்குச் சரியான ஆதாரம் கிடையாது.

சட்டைப் பட்டன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த வயதில் அதுவும் தகராறாகத்தான் இருக்கும். கடைசியிலிருந்து தொடங்குங்கள். பட்டனைத் துளையில் பாதி நுழைத்துவிட்டு, இழுப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது வந்ததும் நுழைப்பதையும் கொடுங்கள். சட்டையைப் போட்டுக்கொண்டு பழகுவதைவிட மடியில் விரித்து வைத்துப் பழகுவது சுலபம்.

எவ்வளவு நேரம்? இந்த மாதிரிப் பயிற்சி பத்துப் பதினைந்து நிமிடம் போதும், அவன் சலிப்பதற்குள் நிறுத்துங்கள். மற்றபடி 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்.

சில மாதம் பழகியும் வயதுக்கு ஏற்ற வேலைகளில் திணறினால், வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடாக இருக்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இருப்பது, சோம்பேறித்தனம் இல்லை. தெரபி உதவும். ஆனால் ஏற்கெனவே வந்த திறமை குறைந்துகொண்டே போனாலோ, ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்தினாலோ, தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி உடம்பைத் தூக்கினாலோ, வீட்டுப் பயிற்சியில் நாளைக் கடத்தாமல் உடனே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். போவதற்கு முன் அவன் ஓடுவதையும் படி ஏறுவதையும் தரையிலிருந்து எழுவதையும் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அறையில் முக்கால்வாசிப் பிள்ளைகள் அம்மா மடியை விட்டு இறங்கவே மாட்டார்கள்.