ஜெபித்தும் பதில் இல்லாதபோது விசுவாசத்தில் எப்படி நிலைத்திருப்பது?

பல ஆண்டுகள் ஜெபித்தும் நிலைமை மாறவில்லை என்றும், தங்கள் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்று ஆலயத்தில் மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது உள்ளம் வலிக்கிறது என்றும், இனி இதை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையைக் கடந்தவர்கள் எப்படிக் கடந்தார்கள், கடைசியில் அவர்களுக்குப் பதில் கிடைத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இறையியல் படித்தவன் என்ற முறையில் அல்ல, ஒருமுறை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. மூன்று ஆண்டுகள், வாரத்துக்கு இரண்டு முறை, டயாலிசிஸுக்கு அவரை அழைத்துச் சென்றேன். அந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் வீட்டில் ஜெபம் குறைவுபட்ட நாள் ஒன்று இல்லை. வெள்ளிக்கிழமை உபவாசம், அதிகாலை ஜெபம், வீட்டு ஜெபக்கூட்டம் என்று எல்லாவற்றையும் செய்தோம். இரண்டாம் ஆண்டு புத்தாண்டு ஆராதனையில் அந்த ஆண்டுக்கான வேதவசனமாக நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், "நான் உனக்கு ஆரோக்கியம் வரப்பண்ணி, உன் காயங்களை ஆற்றுவேன்" என்ற எரேமியா 30:17 வந்தது. அம்மா அந்த அட்டையை அண்ணனின் தலைமாட்டில் ஒட்டி வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில் அண்ணன் இறந்துபோனார். துக்கம் விசாரிக்க வந்த ஜெபக்குழுத் தலைவர் ஒருவர், வீட்டில் அறிக்கையிடப்படாத பாவம் ஏதாவது இருக்கும், அல்லது விசுவாசம் குறைவாக இருந்திருக்கும் என்று அம்மாவின் எதிரிலேயே சொன்னார். அதன்பின் எட்டு மாதங்கள் நான் ஆலயத்தின் பக்கமே போகவில்லை.

அந்த எட்டு மாதங்களில் தேவன் இல்லை என்று நான் ஒருநாளும் முடிவு செய்யவில்லை. வாதங்களைத் தேடிப் படித்து, சிந்தித்து விலகியிருந்தால் அது வேறு. நான் வெறுமனே களைத்துப்போயிருந்தேன்; வேதாகமத்தைத் திறந்தால் அந்த அட்டை ஞாபகம் வந்தது, பாட்டுச் சத்தம் கேட்டால் அழுகை வந்தது, சபையாரைப் பார்த்தால் என்ன கேட்பார்களோ என்ற கூச்சம் வந்தது. விசுவாசத்தை விட்டுப் போகிறவர்களில் பலர் மறுத்துவிட்டுப் போவதில்லை என்றும், சோர்ந்து, வெட்கப்பட்டு, ஒரு ஞாயிறு, இன்னொரு ஞாயிறு என்று சத்தமில்லாமல் கரைந்துபோகிறார்கள் என்றும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். உங்கள் கேள்வியிலும் மறுப்பைவிடக் களைப்பே அதிகம் தெரிகிறது.

புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதின நிருபத்தைப் பிற்பாடு படித்தபோது, இதே களைப்புள்ளவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் அது என்று கண்டு திடுக்கிட்டேன். பத்தாம் அதிகாரத்தின் பிற்பகுதியைப் பாருங்கள். அவர்கள் விசுவாசத்துக்கு வந்த புதிதில் அவமானப்பட்டார்கள், ஆஸ்திகளைப் பறிகொடுத்தார்கள், அதைச் சந்தோஷமாகவே சகித்தார்கள். உபத்திரவத்தின் உச்சத்தில் விழாதவர்கள், அதெல்லாம் முடிந்து ஆண்டுகள் பல சென்றபின், ஒன்றும் நடக்காத நீண்ட காலத்தில் தளர்ந்து, கூடிவருதலைச் சிலர் விட்டுவிடும் நிலைக்கு வந்துவிட்டார்கள். "உங்கள் தைரியத்தை விட்டுவிடாதிருங்கள்" என்று ஆசிரியர் கெஞ்சுவது அவர்களிடம்தான். அடுத்த வசனத்தில் 'பொறுமை' என்று நம் வேதாகமத்தில் உள்ள சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் ஹுபொமொனே என்று இருக்கிறது. 'கீழே' என்ற சொல்லும் 'தங்கியிரு' என்ற சொல்லும் சேர்ந்து பிறந்த சொல் அது. சுமையின் கீழேயே, இடத்தை விட்டு நகராமல் தங்கியிருப்பது. அந்தச் சொல்லில் உற்சாகம் வேண்டும் என்றோ, முகத்தில் மகிழ்ச்சி தெரிய வேண்டும் என்றோ ஒரு நிபந்தனையும் இல்லை. நான் இழந்திருந்தது உற்சாகத்தை. அதையே விசுவாசம் என்று எண்ணி, விசுவாசம் போய்விட்டது என்று தவறாகக் கணக்குப் பார்த்திருந்தேன்.

இந்தக் கணக்கை எனக்குத் திருத்திக் காட்டியது அதோனிராம் ஜட்சனின் வாழ்க்கை. பர்மாவுக்குப் போன அமெரிக்க மிஷனரி என்று ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள். 1812-இல் மனைவி ஆனுடன் கல்கத்தாவில் வந்து இறங்கியவரைக் கிழக்கிந்தியக் கம்பெனி இருக்கவிடவில்லை. மொரீஷியஸ் போய், அங்கிருந்து 1813 ஜூனில் சென்னைக்கு வந்து, அங்கும் தங்க வழியில்லாமல், கிடைத்த கப்பலில் ரங்கூனுக்குப் புறப்பட்டார்கள். அந்தக் கடற்பயணத்திலேயே அவர்களுடைய முதல் குழந்தை இறந்து பிறந்தது. ரங்கூனில் பிறந்த ஆண் குழந்தையும் எட்டு மாதத்தில் இறந்தது. முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூனில், அதாவது அவர்கள் போய்ச் சேர்ந்து ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்து. 1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டபோது, ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டு ஆவா நகரத்தில் சிறைப்பட்டார். கால்களில் விலங்கு பூட்டினார்கள். அவர் மொழிபெயர்த்திருந்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குக் கொடுத்தார் என்ற செய்தி பலருக்குத் தெரியும். சிறைக்கு நடையாய் நடந்து கணவருக்கு உணவு கொண்டுபோன அந்த அம்மையார், அவர் விடுதலையான பின், 1826 அக்டோபரில், அவர் அருகில் இல்லாத நேரத்தில் காய்ச்சலால் இறந்தார். ஆறு மாதம் கழித்து அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை மரியாவும் இறந்தாள்.

மிஷனரி வரலாறுகளைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் தலையணையோடு நிறுத்திவிட்டு நேராக பர்மிய வேதாகமத்துக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது இடையிலிருந்த ஆண்டுகள்தான். சிறையில் உடையாத ஜட்சன், எல்லாம் முடிந்து அமைதி திரும்பியபின் உடைந்துபோனார். பர்மாவின் மௌல்மீன் நகரத்துக்கு அருகே காட்டில் ஒரு குடிசை கட்டிக்கொண்டு, மனிதர் முகம் பார்ப்பதைத் தவிர்த்து, தமக்கென்று ஒரு கல்லறைக் குழியைத் தோண்டி அதன் அருகே உட்கார்ந்திருந்தார். ஆன் இறந்து மூன்றாம் ஆண்டு நிறைவில் எழுதியபோது, தேவன் தமக்கு அறியப்படாத பெரியவராகவே இருக்கிறார் என்றும், அவரை விசுவாசிக்கிறேன், ஆனால் கண்டடைய முடியவில்லை என்றும் எழுதினார். ஆயிரக்கணக்கானோருக்கு வேதத்தைத் தந்த மனிதரின் எழுத்து இது. இதைப் படித்த இரவு, அண்ணன் இறந்தபின் முதன்முறையாக, நான் தனியாக இல்லை என்று உணர்ந்தேன்.

அவர் அந்தக் குழியிலிருந்து ஒரே நாளில் எழுந்துவிடவில்லை. அவருடைய பர்மியச் சீடர்களும் சக ஊழியரும் அவரைக் கைவிடவில்லை. மெல்ல மெல்ல மீண்டும் படகில் ஏறிக் கிராமங்களுக்குப் போனார், மீண்டும் மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார்ந்தார். 1834 ஜனவரி 31-ஆம் தேதி வேதாகமம் முழுவதையும் பர்மிய மொழியில் முடித்தார். அவருக்குத் தேவ பிரசன்னம் உணர்வாகத் திரும்பியதால் வேலைக்குத் திரும்பினாரா, வேலைக்குத் திரும்பியதால் அந்த உணர்வு மெல்லத் திரும்பியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் இரண்டாவதே நடந்தது.

என்னைத் திரும்ப அழைத்து வந்தவர் என் பெரியம்மா. நான் போகாமல் நின்றுவிட்ட அந்த எட்டு மாதங்களிலும், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். ஏன் வரவில்லை என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. காப்பி போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, அண்ணன் சிறுவயதில் செய்த குறும்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். புறப்படும்போது, "வா, பரமண்டல ஜெபத்தை மட்டும் சொல்லிடுவோம்" என்பார். முதல் சில வாரங்கள் நான் வாயைத் திறக்கவில்லை. அவரே சொல்லி முடிப்பார். ஒருநாள் அந்த ஜெபத்தின் தொடக்கத்தில் வரும் 'எங்கள் பிதாவே' என்பதில் உள்ள 'எங்கள்' என் காதில் விழுந்தது. என்னால் சொல்ல முடியாத வாரங்களிலும் அவர் அந்த ஜெபத்தில் என்னையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். நிலைத்திருப்பது தனிமனிதனின் மனவலிமையைப் பொறுத்தது என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. எபிரெயர் நிருபத்தில் இதைப் பற்றிய கட்டளைகள் பெரும்பாலும் பன்மையில் இருப்பதையும், கூடிவருதலை விட்டுவிடாதிருக்கச் சொல்லும் அதே வசனத்தில் "ஒருவருக்கொருவர்" என்ற சொல் வருவதையும் பார்த்தால் காரணம் தெரியும்.

ஆகவே நீங்கள் இப்போது செய்யத்தக்கது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சபையார் எல்லாரிடமும் சொல்ல வேண்டாம். புத்திசொல்லாமல் கேட்கத் தெரிந்த ஒருவரிடம் மட்டும், நான் சோர்ந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். சாட்சி நேரம் தாங்க முடியவில்லை என்றால், அது முடிந்தபின் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். அதில் குற்றம் இல்லை. சொந்த வார்த்தையில் ஜெபிக்க முடியாவிட்டால் ஜெபப் புத்தகத்தில் உள்ள வார்த்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் எழுதிவைத்த ஜெபங்கள் இத்தகைய நாட்களுக்கே பெரிதும் உதவுகின்றன. சங்கீதம் 88-ஐ வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, கைவிடப்பட்டவனின் முறையீட்டோடே முடிந்துவிடும். ஆனாலும் முதல் வசனத்திலிருந்து கடைசி வரை அது கர்த்தரை நோக்கியே பேசுகிறது. உங்கள் கோபத்தையும் அவரிடமே சொல்லுங்கள். அவரைப் பற்றி மற்றவர்களிடம் சொல்வதைவிட அது மேலானது.

உங்கள் சரீரத்தையும் கவனியுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொன்னபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, வசனமும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து எழுப்பினான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார், தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் அவர் கேட்ட, தேவனுடைய அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்கெல்லாம் பிறகுதான். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நான் சில மாதங்கள் மருந்து சாப்பிட்டேன். அதை விசுவாசக் குறைவு என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னது தவறு என்று உறுதியாகச் சொல்கிறேன்.

விசுவாசம் குறைவு என்ற சொல் எத்தனை பேரைச் சபையைவிட்டுத் துரத்தியிருக்கிறது என்று நினைத்தால் மனம் பதறுகிறது. யோவான்ஸ்நானன் சிறையிலிருந்து ஆள் அனுப்பி, "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா" என்று கேட்டார். யோர்தானில் இயேசுவைச் சுட்டிக்காட்டியவரே கேட்ட கேள்வி அது. இயேசு அவரைச் சிறையிலிருந்து விடுவிக்கவில்லை. குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள் என்று மட்டும் போய்ச் சொல்லச் சொன்னார். யோவானின் தலை சிறையிலேயே வெட்டப்பட்டது. ஆனால் தூதுவர்கள் திரும்பிப் போனவுடனே, அவர் சந்தேகம் கேட்டனுப்பிய அதே நாளில், ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவரைவிடப் பெரியவன் எழும்பினதில்லை என்று இயேசு ஜனங்களிடம் சொன்னார். யோவான் அதைக் கேட்கவில்லை. நம்மைக் குறித்து அவர் என்ன சொல்கிறார் என்பதும் நம் காதுக்கு எட்டாமல் இருக்கலாம்.

கடைசியாக, பதில் கிடைத்ததா என்று கேட்டீர்கள். அண்ணன் ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. நீண்ட நாட்களுக்குப் பின் எரேமியாவின் அந்தப் பகுதியை முழுவதும் உட்கார்ந்து வாசித்தேன். ஆரோக்கியம் வரப்பண்ணுவேன் என்ற வாக்கு, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன ஒரு ஜனத்துக்குச் சொல்லப்பட்டது. அதற்கு முந்தின அதிகாரத்தில், திரும்பிவர எழுபது வருஷம் ஆகும், அதுவரை வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்று அவர்களுக்கு எழுதப்பட்டிருந்தது. முதலில் அதைக் கேட்டவர்களில் பலர் அந்தத் தோட்டங்களின் ஓரத்திலேயே புதைக்கப்பட்டிருப்பார்கள். அந்த அட்டையை நான் வீசிவிடவில்லை. என் வேதாகமத்தில் 88-ஆம் சங்கீதம் உள்ள பக்கத்தில் வைத்திருக்கிறேன். பெரியம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, நடக்க முடிவதில்லை. அதனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் அவர் வீட்டுக்குப் போகிறேன். காப்பி நான் போடுகிறேன், ஜெபத்தை இருவரும் சேர்ந்து சொல்கிறோம்.