கிளாரிட்டியைக் கூட்டினால் திருவள்ளுவர் சிலையைச் சுற்றி வெண்கோடு விழுகிறதே, ஏன்?

கன்னியாகுமரிக் கரையிலிருந்து சிலையைப் படமெடுத்து, லைட்ரூம் எனும் படத்திருத்த மென்பொருளில் கிளாரிட்டி ஸ்லைடரை 80 வரை ஏற்றியதாகவும், கல்லின் செதுக்கல் எடுப்பாகத் தெரிந்தபோதிலும் வானத்தை ஒட்டி வெண்கோடு விழுந்ததாகவும் கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவில்காரனான நானும் இதே பிழையைச் செய்து, 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டுச் சட்டமும் போட்ட பிறகுதான் அந்தக் கோட்டைக் கண்டேன்.

கிளாரிட்டி, படத்தில் இல்லாத நுணுக்கம் எதையும் உருவாக்குவதில்லை. நடுத்தர ஒளியுள்ள பகுதிகளில், அருகருகே இருக்கும் இருளுக்கும் வெளிச்சத்துக்குமான வேறுபாட்டைச் சற்று அகன்ற பரப்பில் கூட்டுகிறது. கரிய கல் வெளிறிய வானத்தைத் தொடும் விளிம்பில் அந்த வேறுபாடு முன்பே மிகுதி என்பதால், மேலும் கூட்டும்போது விளிம்போர வானம் வெளுத்துக் கோடாகிவிடுகிறது. விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கும் இதே வேலையைத்தான் ஓரிரு பிக்சல் அகலத்துக்குள் செய்கிறது. 2019இல் லைட்ரூமில் சேர்க்கப்பட்ட டெக்ஸ்சர் எனும் ஸ்லைடர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் இயங்குவதால், 38 அடிப் பீடத்தின் யானைகளுக்கும் சிலையின் ஆடை மடிப்புகளுக்கும் அதுவே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

நான் செய்யும் முறை இதுதான். கடற்காற்றின் உப்பு மூட்டத்தைக் குறைக்க, முதலில் மூட்டம் நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரை 10 வரை மட்டும் ஏற்றுவேன். அதற்கு மேல் போனால் வானத்தின் நீலம் கறுத்துவிடும். பிறகு, பூசிய இடத்தில் மட்டும் திருத்தம் விழச்செய்யும் பிரஷ் மாஸ்க்கைச் சிலையின் மீது பூசி, அதை விளிம்புக்குச் சற்று உள்ளேயே நிறுத்தி, டெக்ஸ்சரை 30, கிளாரிட்டியை 12 என வைப்பேன். இறுதியாக ஷார்ப்பனிங்: ரேடியஸ், அதாவது கூர்மை பரவும் அகலம், 1.0 போதும், ஆனால் அதன் கீழுள்ள, கூர்மை எங்கே ஏறவேண்டும் என வரையறுக்கும் மாஸ்க்கிங் ஸ்லைடரை விட்டுவிடாதீர்கள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு அதை நகர்த்தினால், கூர்மை ஏறும் இடங்கள் வெள்ளையாகவும் மற்றவை கறுப்பாகவும் தெரியும். வானம் முழுவதும் கறுப்பாகும் வரை நகர்த்துங்கள், இல்லையேல் அங்குள்ள நாய்ஸ் எனும் புள்ளிப்புள்ளியான பிசிறும் சேர்ந்து கூர்மையாகி, மணல் தூவியதுபோல் ஆகிவிடும். இவை அனைத்தையும் 100 விழுக்காட்டுப் பார்வையில், சிலையின் தோளும் கையும் வானத்தைத் தொடும் இடங்களில் சரிபாருங்கள்.

உச்சிவெயிலில் கடல்மேல் காற்று அலைந்து எடுக்கும்போதே குலைந்துபோன படத்தை எந்த ஸ்லைடரும் மீட்காது. அந்தக் காட்சி வேண்டுமெனில், சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள், லென்ஸின் உப்புப் படிவைத் துடைத்துவிட்டு, எஃப் 8 எனும் லென்ஸ் துளையளவில், கேமரா பதியும் மூலத் தரவான ரா கோப்பாக மறுபடி எடுத்துவிடுங்கள்.