அப்பா ஓ.டி.பி. சொல்லிவிட்டார், வங்கியிடம் எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: என் அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 67. இரண்டு மாதங்களுக்கு முன், பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று புதுப்பிக்க வேண்டும் என்று வந்த போனை நம்பி ஒரு ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டார். காலை 10.40 தொடங்கி மதியம் 1.05க்குள் ஏழு தடவையாக 6,40,000 ரூபாய் போய்விட்டது. பக்கத்து வீட்டுத் தம்பிதான் பார்த்துவிட்டு 11.52க்கு வங்கியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கொடுத்தான். அதற்குள் நான்கு தடவையில் 4,25,000 போயிருந்தது. சொன்ன பிறகும் மூன்று தடவையில் 2,15,000 எடுத்திருக்கிறார்கள். மூன்று மணிக்குக் கிளைக்குப் போனால் மேலாளர் எல்லார் முன்னாலும் அப்பாவை முட்டாள் மாதிரி பேசினார். போலீஸில் அலையவிட்டு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். 85,000 ரூபாய் வேறொரு வங்கியில் முடக்கப்பட்டிருக்கிறதாம். இப்போது எங்கள் வங்கி ‘நல்லெண்ண அடிப்படையில்’ 1,50,000 தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. ஓ.டி.பி. சொல்லவே இல்லை என்று எழுதி நுகர்வோர் கோர்ட்டில் 20 லட்சம் கேட்கலாம் என்கிறார் அண்ணன். அப்பா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. என்ன செய்வது?

– வாசகி, திண்டுக்கல்

பதில்: மேலாளர் பேசியதை விட்டுவிடுங்கள். போலீஸ் அலையவிட்டதையும் விடுங்கள், எஃப்.ஐ.ஆர். வந்துவிட்டது, அது போதும். உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: 11.52.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இந்த விஷயத்தை இரண்டாக வெட்டுகிறது. வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைச் சொல்லி நஷ்டம் வந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனதெல்லாம் அவர் தலையில். தெரிவித்த நிமிடத்துக்குப் பிறகு போவது வங்கியின் தலையில். அவர் ஓ.டி.பி. சொன்னாரா, ஏன் சொன்னார் என்ற பேச்சே அங்கே எழாது. ஆக உங்கள் 6,40,000 ஒரே தொகை இல்லை. 4,25,000 தகராறுக்குரியது. 2,15,000 ஏறக்குறைய உங்களுடையது. வங்கி இறங்கி வந்து 1,50,000 தருவதாகச் சொல்வது நல்லெண்ணத்தால் இல்லை; 11.52 அவர்கள் கண்ணிலும் பட்டிருக்கிறது.

‘ஏறக்குறைய’ என்று சொன்னேன். இதில்தான் பல குடும்பங்கள் கவிழ்வதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் போன் எந்த எண்ணிலிருந்து போனது? அப்பாவின் பதிவு செய்த எண்ணிலிருந்தா, தம்பியின் எண்ணிலிருந்தா? ஆளிடம் பேசினார்களா, ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்பதோடு லைன் போய்விட்டதா? புகார் எண் எதுவும் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்ததா? தம்பியின் போனிலிருந்து அடித்து, இயந்திரக் குரலோடு முடிந்திருந்தால், தகவலே வரவில்லை என்று வங்கி சாதிக்கும். ஆளிடம் பேசி, கணக்கை நிறுத்துங்கள் என்று சொல்லியிருந்தால் உங்கள் கை ஓங்கும். மோசடியைத் தெரிவிக்க 24 மணி நேரமும் வழி வைத்திருக்க வேண்டும், புகார் வந்ததும் எண் தர வேண்டும், வாடிக்கையாளர் பதில் வந்த தேதியையும் நேரத்தையும் பதிய வேண்டும் என்று அதே சுற்றறிக்கை வங்கிக்குக் கட்டளையிடுகிறது. வாடிக்கையாளர் மேல் பொறுப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான்.

எனவே இந்த வாரமே, சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போக வேண்டும். அன்று 11.52க்கு வந்த அழைப்பின் ஒலிப்பதிவையும் பதிவேட்டையும் அழிக்காமல் வையுங்கள் என்று மட்டும் எழுதுங்கள். அழுகை வேண்டாம், அப்பாவின் 30 வருஷ சர்வீஸ் வேண்டாம். போனில் உள்ள அழைப்புப் பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது; எந்த மன்றத்திலும் காட்ட, பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள். போனை மாற்றவோ, ரீசெட் பண்ணவோ விடாதீர்கள். பயந்துபோய் வீட்டுப் பிள்ளைகள் செய்கிற முதல் வேலை அதுதான்.

அடுத்த குழி, நீங்களே எழுதிய தாள்கள். மூன்று மணிக்குக் கிளையில் கொடுத்த புகார், சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குச் சொன்ன விவரம், போலீஸ் புகார் எல்லாவற்றையும் எடுத்து வைத்து நேரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் யாரோ ஒருவர் எழுதிக்கொடுக்க, ‘மாலை 3 மணிக்கு வங்கிக்குத் தெரிவித்தோம்’ என்று ஒரு வரி அதில் உட்கார்ந்திருக்கும். உதவி எண்ணுக்குப் போட்ட போனை யாரும் ஒரு பொருட்டாகவே நினைத்திருக்க மாட்டார்கள். வங்கியின் வழக்கறிஞர் அந்த ஒரு வரியைத் தூக்கிக் காட்டினால் 2,15,000 ஆட்டம் காணும். அப்படி இருந்தால், விசாரணை அதிகாரியிடம் அப்பாவே போய் 11.52 அழைப்பைச் சேர்த்துக் கூடுதல் வாக்குமூலம் கொடுக்கட்டும். 1930க்குச் சொன்னோமே என்று நம்பி உட்காராதீர்கள். பணத்தைத் துரத்தி நிறுத்த அது உதவும். வங்கிக்குத் தெரிவித்ததாக அதை மட்டும் காட்டினால் வங்கி தகராறு செய்யும்.

அண்ணனுக்கு: ஓ.டி.பி. சொல்லவில்லை என்று எழுதவே எழுதாதீர்கள். எஃப்.ஐ.ஆரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். எந்த நிமிடத்தில் மோசடிக்காரரின் எந்தப் புதிய போனில் கணக்கு திறக்கப்பட்டது, எந்த ஓ.டி.பி. எப்போது போனது என்ற பதிவு வங்கியிடம் இருக்கிறது. தோற்க வேண்டிய நாலேகால் லட்சத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய், ஜெயிக்க வேண்டிய 2,15,000ஐயும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். பொய் சொன்ன மனுதாரர் 11.52க்கு உண்மை பேசினார் என்று எந்த மன்றமும் எளிதில் நம்பாது.

அண்ணன் கையில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இருக்கும். எல்லாருடைய வாட்ஸாப்பிலும் சுற்றுகிறது. அசாமில் 94,000 சொச்சம் இழந்தவருக்கு ஸ்டேட் வங்கி பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதை அது உறுதி செய்தது. அந்த வாடிக்கையாளர் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று முடிவாகி, அவர் 24 மணி நேரத்துக்குள் புகாரும் கொடுத்திருந்த வழக்கு அது. உங்கள் அப்பாவின் முதல் நான்கு பரிமாற்றங்களுக்கு அது பொருந்தாது.

நமக்கு நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. போலி மின்னஞ்சலை நம்பி விவரம் கொடுத்த தூத்துக்குடி வாடிக்கையாளர் ஒருவர், வங்கியின் பாதுகாப்புக் குறைபாட்டைக் காட்டி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் தமிழகத் தீர்ப்பு அதிகாரியிடம் போனார். 2010இல் 12,85,000 ரூபாய் தரச் சொல்லி உத்தரவு வந்தது. வங்கி மேல்முறையீடு போனது. அது தள்ளுபடியானது 2019இல். ஓ.டி.பி. சொன்னவரும் ஜெயிக்கலாம் என்பதற்கு அண்ணன் இதைக் காட்டலாம். நான் நடுவில் போன ஒன்பது வருஷத்தைப் பார்க்கிறேன். அப்பாவுக்கு 67. புதிய போன் பதிவான சற்று நேரத்திலேயே இவ்வளவு தொகை போக எப்படி விட்டார்கள் என்ற வாதம் நல்ல வாதம்தான். பேரம் பேச வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி வழக்கில் இறங்காதீர்கள்.

இனி அந்த 1,50,000 கடிதம். அதன் கடைசிப் பத்தியைப் படித்தீர்களா? ‘முழுமையான, இறுதியான தீர்வாக’ என்று இருக்கும். அதோடு ‘இனி மீட்கப்படும் எந்தத் தொகையும் வங்கியைச் சேரும்’ என்று இன்னொரு வரியும் இருக்கலாம். கையெழுத்துப் போட்டால் முடங்கிக் கிடக்கும் 85,000மும் கைவிட்டுப் போகும். கைக்கு வருவதோ ஒன்றரை லட்சம் மட்டும். வற்புறுத்தி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது உங்கள் பாடு.

அந்த 85,000 எந்தப் பரிமாற்றத்தில் போன பணம் என்று விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். 11.52க்கு முன் போனது என்றால் அது அப்பாவின் நஷ்டத்தில் குறையும். வங்கிக்கு அதில் பங்கு இல்லை. பின்னால் போனது என்றால், 2,15,000மும் கொடுத்த வங்கி அதைக் கேட்பது நியாயம். முடக்கிய பணத்தை விடுவிக்க, குற்றவாளி பிடிபட வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட் முன் மனு போடலாம். இதற்கு மட்டும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை வையுங்கள். ‘முடங்கிய பணத்தை எடுத்துத் தருகிறோம், பத்து சதவீதம் முன்பணம்’ என்று யாராவது போன் செய்தால், முதலில் ஏமாற்றிய கூட்டமாகவே இருக்கலாம். ஏமாந்தவர் பட்டியலும் அவர்களிடம் விலைக்குப் போகிறது.

என் யோசனை சமரசம்தான், ஆனால் அவர்கள் எழுதிய கடிதத்தில் இல்லை. 2,15,000ஐப் பணம் போன தேதியிலிருந்தே கணக்கிட்டு வரவு வைக்கச் சொல்லுங்கள். தெரிவித்த பத்து வேலை நாளில் அந்தத் தொகையை வரவு வைத்திருக்க வேண்டும், 90 நாளில் புகாரை முடிக்க வேண்டும் என்பதையும் நினைவுபடுத்துங்கள். ‘இறுதித் தீர்வு’ என்ற வார்த்தை கடைசி மூன்று பரிமாற்றங்களுக்கு மட்டும் என்று எழுதி வாங்குங்கள். இரண்டு லட்சத்துக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்பேன். 85,000 தனியாக நிற்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 20 லட்சம் மன உளைச்சல் கணக்கை அண்ணன் மறந்துவிடட்டும்.

வங்கி மசியாவிட்டால், கிளைக்குக் கொடுத்த புகாருக்கு 30 நாள் தாண்டிவிட்டதால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம். கட்டணம் இல்லை. வழக்கறிஞர் மூலம் போட்டால் எடுக்க மாட்டார்கள், ஆகவே என்னைத் தேடி வராதீர்கள். முதலில் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டு அங்கே போனால் கதவு மூடியிருக்கும். வரிசை மாறக் கூடாது. ஆம்பட்ஸ்மேன் காகிதத்தைப் பார்த்து முடிவு செய்பவர். சாட்சி விசாரணை வேண்டும் என்று தோன்றினால் தள்ளிவிடுவார். அங்கே 4,25,000த்தையும் சேர்த்துக் குழப்பாமல் 11.52க்குப் பிந்தையதை மட்டும் முன்வையுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, அவசரம் இல்லை.

கணக்கு அப்பா பெயரில். கடிதம், மனு, சமரசம் எல்லாவற்றிலும் அவர் கையெழுத்துத்தான் செல்லும், உங்களுடையதோ அண்ணனுடையதோ அல்ல. தனியாகக் கிளைக்கு அனுப்பாதீர்கள். அவர் இருக்கும் மனநிலையில் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்.