தூக்கணாங்குருவியில் மஞ்சள் மங்கிய ஆணுக்குச் சோடி கிடைக்காதது இரத்த ஒட்டுண்ணியாலா?

மட்டக்களப்புப் படுவான்கரை வயல் வட்டைகளில் கூடு கட்டும் குருவிகளை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் மங்கிய ஆணின் இரத்தத்தில் ஒட்டுண்ணி கண்டதை மட்டும் வைத்து அப்படி முடிவெடுக்க ஏலாது.

பளிச்சென்ற நிறம் நோயெதிர்ப்பின் அடையாளம், பேடு அதைப் பார்த்தே தெரிவு செய்கிறது என்று 1982இல் உயிரியலாளர்களான ஹமில்டனும் சூக்கும் எழுதினார்கள். பின்வந்த ஆய்வுகளில் சில ஒத்துவந்தன, சில வரவில்லை. தூக்கணாங்குருவிப் பேடோ பாதி கட்டிய கூட்டையும் அது தொங்கும் இடத்தையும் வந்து பார்க்கிற சாதி. என்னைக் கேட்டால், நிறத்தை விட்டுவிட்டு ஆண் கூடு கட்டும் வேகத்தை அளவெடுங்கள்.

ஒட்டுண்ணி இனப்பெருக்கத்தைக் கெடுக்கிறது என்பதற்குச் சான்று உறுதியானது. 2005இல் வெளிவந்த ஸ்பெயின் ஆய்வொன்றில் தகைவிலான் குருவிகளுக்குப் பிரைமாகுயின் என்ற மலேரியா மருந்து கொடுத்தார்கள். மருந்து பெற்றவை 18% கூடுதலாக முட்டையிட்டன. பறந்துபோன குஞ்சுகள் 42% கூடுதல். எதிர்ப்பக்கமும் உண்டு: ஐரோப்பியப் பட்டாணிக்குருவிக் கூடுகளில் குஞ்சுகளைக் கூட்டி வைத்தபோது இரைதேடிக் களைத்த தகப்பன்களிடம் மலேரியா கூடியது. ஆகவே எது காரணம், எது விளைவு என்பது மருந்து கொடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

செய்வதானால் முதலில் வனஜீவராசிகள் திணைக்கள அனுமதி. இறக்கை நாளத்தில் ஒரு துளி இரத்தம் போதும்; எடுப்பது உடல் எடையில் 1%ஐத் தாண்டக்கூடாது. கண்ணாடித் தகட்டில் மெல்லிய பூச்சாக இழுத்து, மாரியென்றால் பற்றரி விசிறியால் உடனே உலர்த்துங்கள். ஈரக்காற்றில் மெல்ல உலர்ந்தால் ஹீமோபுரோட்டியஸ் என்ற ஒட்டுண்ணியின் பாலணுக்கள் (ஆண், பெண் நிலைகள்) பூச்சி வயிற்றுக்குள் வந்துவிட்டதுபோல உருண்டு வெளியே வந்துவிடும், பிறகு அடையாளம் காண்பது பெரும்பாடு. அன்றைக்கே மெதனோலில் ஒரு நிமிடம் வையுங்கள். திறந்து கிடந்த பழைய மெதனோல் நீரை இழுத்திருக்கும், அணுக்களில் பொய்க்குமிழ் காட்டும். பிறகு 10% கீம்சா சாயத்தில் ஒரு மணி நேரம், பிஎச் 7.2.

ஆயிரம் மடங்கு உருப்பெருக்கத்தில் 10,000 சிவப்பணுக்களைப் பாருங்கள். ஒட்டுண்ணிக்குள் கறுப்பு நிறமி மணிகளும், அது பிரிந்து பெருகும் நிலைகளும் இருந்தால் பிளாஸ்மோடியம், நுளம்பு கொண்டுவருவது. மணிகளோடு சிவப்பணுவின் கருவைச் சுற்றி வளைந்த பாலணுக்கள் மட்டுமென்றால் ஹீமோபுரோட்டியஸ். மணியே இல்லாமல் அணு உருக்குலைந்திருந்தால் லூக்கோசைட்டோசூன். இலேசான தொற்று கண்ணுக்குத் தப்பும், அதனால் இன்னொரு துளியைப் பிசிஆர் என்ற மரபணுச் சோதனைக்காக 95% மதுசாரத்தில் வையுங்கள்.

பெரிய ஏமாற்றம் குருவி பிடிக்கும் வலையில்தான் இருக்கிறது. கடும் தொற்றுள்ள குருவி பறக்காமல் ஒடுங்கியிருக்கும், வலையில் விழாது. உங்கள் கையில் வருவது பெரும்பாலும் நோய் தாண்டிப் பிழைத்தவை. அவற்றை மட்டும் எண்ணினால் ஒட்டுண்ணியால் பாதிப்பே இல்லை என்று தோன்றிவிடும்.