வயசானா நடை இப்படித்தான் மாறுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 72, அம்மாவுக்கு 67. அம்மா கொஞ்ச காலமாக இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார். அதுதான் எனக்குப் பெரிய கவலை. அப்பாவும் முன்பைவிட மெதுவாகத்தான் நடக்கிறார். அடி சிறிதாகிவிட்டது, ஒரு கையை வீசுவதே இல்லை. கேட்டால் இருவரும் "வயசானா அப்படித்தான்" என்கிறார்கள். உண்மையிலேயே வயசுதானா? தினமும் நடக்க வைத்தால் சரியாகுமா?

பதில்: நீங்கள் அம்மாவைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். நான் அப்பாவை முதலில் பார்க்கச் சொல்வேன். அதிலும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கையை.

முதலில், வயது என்ன செய்யும் என்று பார்த்துவிடுவோம். முதியவர்கள் மெதுவாக நடப்பது, நிமிடத்துக்கு வைக்கும் அடிகள் குறைவதால் அல்ல. எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஒவ்வோர் அடியின் நீளம்தான் குறைகிறது. இதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. யாராவது நடக்கும்போது பின்னால் இருக்கும் காலைக் கவனியுங்கள். குதிகால் எழுந்து, முன்பாதம் தரையை உந்தி விடும். உடம்பை முன்னால் தள்ளும் விசையில் பெரும்பகுதி அந்த உந்தலில்தான் பிறக்கிறது. வயது ஏற ஏற அது தளர, இடுப்புத் தசைகள் அந்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கின்றன. விழுந்துவிடுவோமோ என்ற எச்சரிக்கையும் சேர்ந்துகொள்ளும். அதனால் இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையில் ஊன்றியிருக்கும் நேரம் கூடுகிறது. இளமையில் இது நடையின் ஒரு சுற்றில், அதாவது ஒரு பாதம் தரையைத் தொட்டதிலிருந்து அதே பாதம் மறுபடி தொடும் வரையிலான நேரத்தில், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு; முதுமையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டலாம். இதெல்லாம் வருடக்கணக்கில், மெல்ல மெல்ல, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கும். இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்மா விஷயத்துக்கு வருவோம். பொதுவாகப் பெண்கள் இளமையிலேயே ஆண்களைவிடக் குட்டையான அடிகளைச் சுறுசுறுப்பாக மாற்றி வைப்பவர்கள். 50 வயதுக்கு மேல் முழங்கால் தேய்மானமும் அவர்களுக்குத்தான் அதிகம். முழங்கால் தேய்ந்து வளைந்தாலோ, இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலம் குறைந்தாலோ உடம்பு இருபுறமும் சாயும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அம்மாவுக்கு இது இருக்கலாம். வலிக்கிறதா என்று கேட்டால் "அதெல்லாம் இல்லை" என்பார். படி இறங்கும்போது எப்படி என்று கேளுங்கள், பதில் மாறும். எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்; பதறத் தேவையில்லை.

அப்பாவின் கை அப்படி அல்ல. ஒரு கை மட்டும் வீசாமல் நிற்பதை வயதின் கணக்கில் எழுத முடியாது. தோள்பட்டை இறுகியிருக்கலாம். மூளை நரம்புகள் பாதிக்கப்பட்டு உடம்பின் அசைவுகள் மெதுவாகும் பார்க்கின்சன் நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். அதில் நடுக்கம் தெரிவதற்கு முன்பே ஒரு பக்கக் கைவீச்சு குறைவதுண்டு. கையெழுத்து பொடிப்பொடியாகிவிட்டதா, சட்டைப் பொத்தான் போட நேரம் ஆகிறதா, திரும்பும்போது பொசுக்கென்று திரும்பாமல் சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்புகிறாரா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் நரம்பியல் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால், இந்த மாதமே. ஆனால் யாருக்காவது நடை திடீரென்று ஒரே நாளில் மாறினால் அது வேறு கதை. பக்கவாதமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனையும் செய்யலாம். தரையில் 4 மீட்டர் அளந்துகொண்டு, ஒரு மீட்டர் முன்னாலிருந்தே வழக்கமான நடையில் வரச் சொல்லுங்கள். அந்த 4 மீட்டரைக் கடக்க 5 வினாடிக்கு மேல் ஆனால், வேகம் வினாடிக்கு 0.8 மீட்டருக்கும் கீழே. அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 34,000-க்கும் மேற்பட்ட முதியவர்களின் தரவுகளைத் தொகுத்து 2011-ல் வந்த ஆய்வில், நடை வேகம் கூடியவர்கள் அதிக காலம் வாழ்ந்தது தெரியவந்தது. இதற்காக அப்பாவை வேகமாக நட என்று விரட்டாதீர்கள். நடை வேகம் உடம்பின் நிலையைக் காட்டும், அவ்வளவுதான்.

நடக்க வைத்தால் சரியாகுமா என்று கேட்டீர்கள். நடப்பது நல்லது, ஆனால் போதாது. தசை பலத்துக்கும் சமநிலைக்கும் தனிப் பயிற்சி வேண்டும். அசையாத மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது போன்றவை. மருத்துவர் சரி என்றதும் பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டு தொடங்கட்டும்.

அப்புறம் ஒன்று. மருத்துவர் முன்னால் நடக்கச் சொன்னால் பலரும் நிமிர்ந்து, கை வீசி, ஜோராக நடந்து காட்டிவிடுவார்கள். அதனால் அப்பா வீட்டில் இயல்பாக நடப்பதை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கைபேசியில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், குறிப்பாகத் தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை இருந்தால் அவற்றையும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.