பலகைக்குப் பின்னால்: வெளிச்சுவர் வேலை பற்றிய கேள்வி-பதில்

கோடை மழை ஓய்ந்ததும் டர்பனில் எல்லோருக்கும் அவரவர் வீட்டு வெளிச்சுவர் திடீரென்று கண்ணில் படத் தொடங்கிவிடும். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிளாடிங் பலகை (சுவரை வெளியிலிருந்து மூடுவது), ஃபேசியா (கூரை விளிம்பில் அடிக்கும் பலகை), மூலைப் பட்டி, ஜன்னல் சட்டம் ஆகியவற்றைப் பற்றியவை என்பதால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்; வசவுகளை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): வீட்டு முகப்புக்குப் பைன் பலகை கிளாடிங் போட இருவரிடம் விலை கேட்டேன். ஒருவர் 38,000 ராண்ட் என்கிறார். மற்றவர் 61,000 ராண்ட் என்கிறார். அளவு ஒன்றுதான். குறைவாகச் சொன்னவரையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அளவு ஒன்றுதான் என்கிறீர்கள், வேலையும் ஒன்றுதானா என்பதை நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. முதல் தாளில் "கிளாடிங், எல்லாம் சேர்த்து" என்ற ஒரே வரியும், இரண்டாவது தாளில் அதே வரியோடு ஒரு கையெழுத்தும் இருக்கின்றன. எத்தனை சதுர மீட்டர், பலகையின் கனம் என்ன, பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் தடுக்கும் தாள் உண்டா, இடைவெளிக்கு அடிக்கும் சட்டம் எத்தனை மில்லிமீட்டர், ஜன்னலுக்கு மேல் மழைநீரை வெளியே தள்ளும் ஃப்ளாஷிங் தகடு யார் செலவு, ஆணி எந்த உலோகம், 15 சதவீத வாட் இந்தத் தொகைக்குள் அடங்கியதா என்பதையெல்லாம் இருவரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவர் யாரோ, அவர் சொன்ன விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவரை விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்டு வாங்கிய மதிப்பீட்டுக்கு மேல், உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு ராண்ட் கூடக் கூட்ட முடியாது என்று 2008ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவு காப்பாற்றுவதற்கு முதலில் ஒரு மதிப்பீடு இருக்க வேண்டும் அல்லவா?

பைன் மரம் என்றால், பலகையின் மேல் அடித்திருக்கும் முத்திரையைப் படியுங்கள். எச்2 என்பது வீட்டுக்குள் மழை படாத இடத்துக்கு. எச்3 என்பது மழை படும், ஆனால் மண்ணைத் தொடாத வெளிப்புறத்துக்கு. எச்4 என்பது மண்ணில் ஊன்றுவதற்கு. வெளிச்சுவருக்கு எச்3க்குக் குறைந்த எதுவும் ஆகாது. "பதப்படுத்திய மரம்" என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு, முத்திரையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், ஒரு பக்கி (சிறு சரக்கு வண்டி) நிறைய எச்2 பலகை வாங்கி வந்து பின்சுவரில் அடித்தவன் நான். மூன்றாவது கோடையில் பலகை முனைகளில் பேனாவைக் குத்தினால் பேனா உள்ளே போயிற்று. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அது பதப்படுத்திய மரம்தான். எச்3 மரத்தையே வாங்கினாலும், அறுத்த முனைகளில் மறுபடியும் மருந்து பூசாவிட்டால் அந்த முனை வெறும் மரம்தான் என்பதை உங்கள் தச்சரிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி (வெருலம்): வீட்டுக்குள் அடிக்கும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் சட்டம் மலிவாகக் கிடைக்கிறது. நன்றாகப் பெயின்ட் அடித்து ஜன்னலுக்கு வெளியே பொருத்தலாமா?

பதில்: கூடாது. முதல் மழையிலேயே அப்பளம் போல உப்பிவிடும்.

கேள்வி (இசிப்பிங்கோ): கடலிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு. கிளாடிங் போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது. ஒவ்வோர் ஆணியிலிருந்தும் பழுப்புக் கோடு வழிகிறது. ஒப்பந்தக்காரர் "கடற்காற்று, நான் என்ன செய்ய" என்கிறார். மேலே பெயின்ட் அடித்தால் மறையுமா?

பதில்: ஒரு மழை வரைக்கும் மறையும். கடற்காற்று நேற்று வந்ததில்லை; உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பது ஆணியை அடிக்கும்போதே அவருக்குத் தெரியும். மின்முலாம் பூசிய பளபளப்பான ஆணியின் துத்தநாகப் பூச்சு மிக மெல்லியது. உப்புக் காற்றில் அது சீக்கிரமே தீர்ந்துவிடும். உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த ஆணி இன்னும் சில காலம் தாங்கும். கடலோரத்துக்கு 316 தரத் துருப்பிடிக்காத எஃகுதான் சரி. 304 தரம்கூடக் கடலை ஒட்டிய இடங்களில் கறை பிடிக்கும். மொத்தச் செலவில் ஆணிக்குப் போவது மிகச் சிறிய பங்கு. மிச்சம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் கை வைக்கிறார்கள்.

பொருளில் குறை இருந்தால் பழுதுபார்க்கவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கும் உரிமை, மேலே சொன்ன நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, ஆறு மாதத்துக்குத்தான். உங்களுக்கு அது கடந்துவிட்டது. ஆனால் செய்த வேலையின் தரத்தைப் பற்றிய 54ஆம் பிரிவில் அந்த ஆறு மாதக் கணக்கு கிடையாது. வேலையைச் சரிசெய், அல்லது விலையில் நியாயமான பங்கைத் திருப்பிக் கொடு என்று அதன்படி எழுத்தில் கேளுங்கள். துருக் கோடுகளைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஓர் ஆணியைப் பிடுங்கி உறையில் போட்டு வையுங்கள். அவர் அசையாவிட்டால் நுகர்வோர் பொருள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி (லெனேசியா): வினைல் சைடிங் (பிளாஸ்டிக் கிளாடிங் பலகை) வாங்கி நானே பொருத்தினேன். காலையில் நேராக இருக்கிறது. மத்தியானம் அலை அலையாக நெளிகிறது. ஆட்டம் இல்லாமல் இருக்கட்டும் என்று ஒவ்வோர் ஆணியையும் இறுக்கமாகத்தான் அடித்தேன். பெட்டியோடு ஒரு தாள் வந்தது, அதை வைத்திருக்கவில்லை. விற்றவர் உத்தரவாதம் செல்லாது என்கிறார். இது ஏமாற்று அல்லவா?

பதில்: இல்லை. இறுக்கி அடித்ததுதான் குறை, அதைச் சொல்லும் தாளைத்தான் நீங்கள் எறிந்துவிட்டீர்கள். வினைல் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும், ஏறக்குறைய 3.8 மீட்டர் நீளப் பலகை, குளிருக்கும் வெயிலுக்கும் இடையே 12 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் காட்டும். ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் குளிர்காலத்தில் விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆணித் துளை நீளமாக இருப்பது அதற்காகத்தான்: ஆணி துளையின் நடுவில் இறங்க வேண்டும், ஆணித் தலைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் விட வேண்டும், பலகையின் இரு முனைகளிலும் பட்டிக்குள் 6 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும், குளிர் நாளில் அடித்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும். அடித்து முடித்த பலகையைக் கையால் பக்கவாட்டில் தள்ளினால் நகர வேண்டும். வினைல் சுவரில் தொங்க வேண்டிய பொருள், அறைய வேண்டிய பொருள் அல்ல. நெளிந்த பலகைகள் இன்னும் கிழியாமல் இருந்தால், ஆணிகளைத் தளர்த்திவிட்டு ஒரு வாரம் பாருங்கள். பல திரும்பி நேராகிவிடும். விற்றவரைத் திட்டுவதற்குச் செலவிடும் நேரத்தில் அதைச் செய்துவிடலாம்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): நான் தனியாக இருப்பவள். புயல் மழைக்கு மறுநாள் பக்கியில் ஒருவர் வாசலுக்கு வந்து, ஃபேசியா பலகை எல்லாம் உளுத்துவிட்டது, இன்றே கழற்றாவிட்டால் கூரை இறங்கும் என்றார். முன்பணமாக 14,000 ராண்ட் வங்கி வழியாக அனுப்பினேன். பலகைகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனவர் பத்து நாளாக வரவில்லை. என் பிள்ளைகள் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

பதில்: அம்மா, பிள்ளைகள் திட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் ஏணி ஏறட்டும். திறந்து கிடக்கும் கூரைச் சட்டத்தின் முனைகளை இன்றைக்கே தார்ப்பாயால் மூடச் சொல்லுங்கள். மழைக்கு மறுநாள் வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணிடம் வந்து கூரை இறங்கும் என்று பயமுறுத்துவது அவர்களுடைய தொழில்; இதில் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

நீங்கள் தேடிப் போகாமல் அவர் உங்கள் வாசலுக்கு வந்து விற்றதால் இது நேரடி விற்பனை. ஒப்பந்தம் முடிந்த நாள், பொருள் வந்து சேர்ந்த நாள், இந்த இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து ஐந்து வேலை நாட்களுக்குள், காரணம் எதுவும் சொல்லாமல் எழுத்தில் ரத்து செய்யும் உரிமையை அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு தருகிறது. அப்படி ஓர் உரிமை உண்டு என்று உங்களிடம் சொல்ல வேண்டியதும் அவர் கடமை, சொல்லியிருக்க மாட்டார். புதுப் பலகை ஒன்றுகூட உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்பதால் ரத்துக் கடிதத்தை இப்போதே வாட்ஸப்பிலும் தபாலிலும் அனுப்புங்கள். பொருள் வராத நிலையில், கடிதம் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் அவர் பணத்தைத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால், 14 நாள் தவணை கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் எழுதிவிட்டுச் சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போங்கள். அங்கே 20,000 ராண்ட் வரை வழக்காடலாம். உங்கள் தொகை அதற்குள் அடங்குகிறது. இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது என்பதால் அவர் பணம் கொடுத்து யாரையும் உங்களுக்கு எதிராக நிறுத்த முடியாது. மனு எழுத அங்குள்ள எழுத்தர் உதவுவார். உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி வங்கிச் சீட்டு. ரொக்கமாகக் கொடுக்காமல் போனீர்களே, அதுவே பெரிய புத்திசாலித்தனம். அந்தக் கணக்கு எண்ணையும், பக்கத்து வீட்டுக் கேமராவில் பக்கியின் எண் விழுந்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் மோசடி வழக்கும் பதிவு செய்யுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): மர கிளாடிங் போட்டு ஒரு வருடம். ஜன்னலுக்குக் கீழே உள்சுவரில் ஈரத் திட்டு. போட்டவர் இரண்டு முறை வந்து எல்லா இடுக்கையும் சிலிக்கானால் அடைத்தார். அதற்குப் பிறகு ஈரம் கூடிவிட்டது. இன்னும் எங்கே அடைக்க வேண்டும்?

பதில்: எங்கேயும் அடைக்க வேண்டாம், அடைத்ததைப் பிடுங்குங்கள். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று பல நாளாகக் காத்திருந்தேன், ஆகையால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டோ மேனரில் என் தாத்தா வாழ்ந்த வீடு மரமும் தகரமும் சேர்த்துக் கட்டியது. அன்றைக்கு அங்கே எங்கள் மக்களின் வீடுகள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. சிலிக்கான் என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை. ஆனால் தென்மேற்கிலிருந்து மழை சாய்த்து அடிக்கும் என்று தெரிந்து, தகரத்தின் பக்கவாட்டு மடிப்பின் வாய் அந்தத் திசைக்கு முதுகு காட்டும்படி வைத்து அடித்தார். தண்ணீர் வரும் என்று ஒப்புக்கொண்டு, அது போவதற்கும் வழி விட்டார். இன்றைக்கு வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சுவரைத் தண்ணீர்த் தொட்டி போல மூடப் பார்க்கிறார்கள். கிளாடிங் ஒரு குடை மாதிரிதான். காற்று தள்ளும் மழை கொஞ்சம் அதன் பின்னால் போகத்தான் செய்யும். அப்படிப் போன தண்ணீருக்காகவே பின்னால் ஈரம் தடுக்கும் தாள் இருக்கிறது. அது கீழிருந்து மேலாக, மேல் தாள் கீழ்த் தாளின் மேல் படியும்படி வர வேண்டும். தாளுக்கும் பலகைக்கும் நடுவே 20 மில்லிமீட்டர் அளவுக்குச் செங்குத்துச் சட்டத்தால் இடைவெளி வேண்டும். ஜன்னல் தலையில் ஃப்ளாஷிங் தகடு இருக்க வேண்டும். அதன் மேல் விளிம்பு தாளுக்குப் பின்னால் நுழைய வேண்டும், தகட்டுக்கும் அதற்கு மேலுள்ள பலகைக்கும் நடுவே சிறு இடைவெளி திறந்தே இருக்க வேண்டும். சுவரின் அடியில், பூச்சி நுழையாத வலை வைத்து, வாய் திறந்திருக்க வேண்டும். கடைசிப் பலகைக்கும் தரைக்கும் 150 மில்லிமீட்டராவது வேண்டும்.

உங்கள் ஒப்பந்தக்காரர் அடைத்தது பெரும்பாலும் அந்தத் தலைத் தகட்டின் மேல் இடைவெளியையும் பலகைகளின் கீழ் விளிம்பையும்தான் என்று உங்கள் படங்களில் தெரிகிறது. வடிகாலை அடைத்துவிட்டார், தண்ணீருக்கு உள்ளே போவதைத் தவிர வேறு வழி இல்லை. ஜன்னல் சட்டத்தின் இரு பக்கங்களிலும் சிலிக்கான் இருக்கலாம். தலைத் தகட்டுக்கு மேலும் பலகைகளின் அடியிலும் இருக்கக் கூடாது. அவற்றைக் கீறி எடுத்த பிறகு, ஜன்னலுக்கு மேலுள்ள இரண்டு பலகைகளைக் கழற்றி, தகடு என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமலே இருந்தாலும் எனக்கு வியப்பில்லை. பிறகு குழாயில் தண்ணீர் பிடித்து, கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் உயரத்திலும் பத்து நிமிடம் நிறுத்தி நிறுத்தி மேலே போனால், ஈரம் எங்கே நுழைகிறது என்று தெரிந்துவிடும். மேலிருந்து தொடங்கினால் எதுவும் தெரியாது. அவரை 54ஆம் பிரிவைச் சொல்லி மறுபடி அழையுங்கள். சிலிக்கான் துப்பாக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி (மெர்பேங்க்): பழைய சாமான் விற்கும் யார்டில் கிளாடிங் பலகை வாங்கினேன். பாதி உளுத்திருக்கிறது. ரசீதில் ஃபூட்ஸ்டூட்ஸ் (இருப்பது இருந்தபடியே விற்பனை) என்று அடித்திருப்பதால் திருப்ப முடியாது என்கிறார்கள்.

பதில்: விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு அந்த ஒற்றைச் சொல் கவசமாகாது. "இந்தப் பலகைகளில் உளுப்பு இருக்கிறது" என்று குறிப்பாகச் சொல்லி, நீங்களும் தெரிந்தே ஒப்புக்கொண்டிருந்தால்தான் அவருக்குத் தப்பிக்க வழி. ஆறு மாதத்துக்குள் என்றால் பலகையை ஏற்றிக்கொண்டு போய் இறக்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டில் மிஞ்சியதை விற்றிருந்தால் கதை வேறு. தனி ஆளிடம் வாங்கும்போது கட்டைப் பிரித்து அடிப்பலகையையும் பார்க்க வேண்டும்.

கேள்வி (டோங்காட்): 1970களில் கட்டிய வெளி அறை. சுவரெல்லாம் சாம்பல் நிறச் சிமெண்ட் தகடு. வேலைக்கு வந்தவர் சுத்தியலால் உடைத்து இறக்கிவிட்டுப் புதுப் பலகை அடிக்கலாம் என்கிறார். நாளை வருகிறார்.

பதில்: நாளை அவர் வர வேண்டாம். அந்தக் காலத்துத் தகடு என்றால் அதில் அஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் பயன்பாட்டை இந்நாடு 2008இல் தடை செய்தது. இருப்பதை அகற்றும் வேலைக்கு 2020ஆம் ஆண்டு தனி விதிகள் வந்தன. உடைக்கவோ, அறுக்கவோ, துளையிடவோ, தேய்த்துக் கழுவவோ கூடாது, தூசிதான் எமன். பதிவு பெற்ற அஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரர் மட்டுமே நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி, பொதிந்து, அதற்கென்று அனுமதி பெற்ற இடத்தில் கொண்டுபோய்ப் போட வேண்டும். செலவாகும். சுத்தியல்காரர் சொன்ன விலை ஏன் குறைவு என்று இப்போது தெரிந்திருக்கும்.

கேள்வி (ஸ்டேங்கர்): வெள்ளை வினைல் சைடிங்குக்கு இப்போது ஓடும் பாஷனில் கருஞ்சாம்பல் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். கருநிறம் வெயிலை உறிஞ்சும், வினைல் நெளியும். பழைய நிறத்தைவிட அடர்த்தி கூடாத, வினைலுக்கென்றே செய்த பெயின்ட் என்றால் அடியுங்கள். கருஞ்சாம்பல்தான் வேண்டும் என்றால் வாசல் கேட்டுக்கு அடியுங்கள்.